நிழலில் ஒரு விரல்கடை

அந்தச் சன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்து மூட முடியுமா? எனக்காக இல்லை. வெயில் உங்கள் கன்னத்தில் அடிக்கிறது, நீங்கள் பேச்சுக்கு நடுவில் முகத்தைத் திருப்பித் திருப்பிக் கொள்கிறீர்கள். கழுத்து பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே வலது தோளைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர். யார் உடம்பை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் தொழில். வருஷக்கணக்கான பழக்கம், சட்டென்று விடாது.

நன்றி. இப்போது பேசலாம். வக்கீல் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சாயங்காலச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்தால் நல்லது. போரா என் கையால் ஊட்டினால்தான் ஒழுங்காகச் சாப்பிடுவாள். மற்றவர்கள் கரண்டியை ரொம்ப உள்ளே விட்டுவிடுகிறார்கள்.

என் பெயர் மோக் ஹேரான். தேஜோனில், காப்சோன் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு ஆய்வகத்தில் இருக்கிறேன். எங்கள் ஆராய்ச்சி ஒரு சுவரைப் பற்றியது. பெரிய கூடம் ஒன்றின் ஒரு பக்கச் சுவர் முழுக்கத் திரை. அதில் ஒரு நகரத்தின் வரைபடத்தை விரித்துப் போட்டால் தெருத் தெருவாகத் தெரியும். ஆனால் உச்சியில் இருப்பது கைக்கு எட்டாது, ஓரத்தில் இருப்பதைத் தொட ஓட வேண்டும். அதனால் அந்தச் சுவரில் ஆளின் நிழலை வரைந்தோம். நிஜ நிழல் இல்லை. கேமராக்கள் உடம்பைப் பார்க்கும், கணினி நிழலை வரையும். நீங்கள் கையை லேசாக நீட்டினால் போதும், நிழல் கை நீண்டு போய் மறுகோடியைத் தொடும்.

கருவிகளை உடம்பிலேயே வைத்தோம். வலது தோளைத் தொட்டால் சேர்த்து வைத்த படங்கள் வரும். இடுப்பைத் தொட்டால் அழிப்பான். உள்ளங்கையைத் தட்டினால் வண்ணங்கள். பொத்தானைத் தேட வேண்டியதில்லை, தன் தோள் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம் அல்லவா. மனிதன் எதை மறந்தாலும் தன் உடம்பு இருக்கும் இடத்தை மறப்பதில்லை என்று எங்கள் கட்டுரைகளின் முதல் பத்தியில் எழுதுவோம். அந்த வாக்கியத்தை எழுதியது நான்தான்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். புதிதாக ஒன்று தோன்றினால் அதைக் கணினிக்குச் சொல்லித்தர மாதக்கணக்காகும். அதுவரை பொறுக்க முடியாது. அதனால் சோதனைக்கு வருகிறவர் சுவருக்கு முன்னால் நிற்பார், எங்களில் ஒருவர் சுவருக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து நிழலை ஓட்டுவார். வந்தவர் எல்லாவற்றையும் கணினி செய்வதாக நினைத்துக்கொள்வார். பின்னால் இருக்கும் ஆளைப் பேய் என்போம். 'இன்னைக்குப் பேய் யாரு?' என்று கேட்டுக்கொண்டேதான் எங்கள் காலை விடியும். சோதனை முடிந்ததும் பேய் வெளியே வந்து, குனிந்து வணங்கி, 'அது நான்தான், மன்னிச்சிருங்க' என்று சொல்ல வேண்டும். வந்தவருக்கு ஐஸ்கிரீம் வாங்கித்தர வேண்டும். இது எங்கள் ஆய்வகத்தில் கல்லில் செதுக்கின சட்டம். ஏமாற்றலாம், ஆனால் ஏமாற்றியதைச் சொல்லிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

பேயாக உட்காருவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்குப் பொறுமை அதிகம்.

நாம்குங் போரா எங்களிடம் வந்தபோது அவளுக்குச் சுவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேமராக்கள் பற்றித் தெரியும். கேமரா பார்க்கும் உடம்பும் நிஜ உடம்பும் அணுவும் பிசகாமல் பொருந்த வைப்பதில் அவள் கெட்டிக்காரி. மற்ற நேரமெல்லாம் செயற்கைப் பாறைச் சுவர்களில் ஏறிக்கொண்டிருப்பாள். கயிறு கிடையாது, கீழே மெத்தை மட்டும். விரல்நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கும். அவள் எங்கள் சுவருக்கு முன்னால் வந்து நின்ற முதல் நாள் பேராசிரியர் தாக் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நாங்கள் எல்லாரும் அந்தச் சுவரை இயக்கிக்கொண்டிருந்தோம், அவள் அதில் நீந்தினாள். அன்றிலிருந்து விருந்தினர் வந்தால் போரா, படம் பிடிக்க போரா, புதிய கருவியை முதலில் தொட்டுப் பார்க்க போரா. சுவரின் அளவுகளெல்லாம் அவள் உடம்பை வைத்தே அமைந்தன.

வாய் ஓயாது அவளுக்கு. நான் சுவருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பேன், அந்தப் பக்கம் இருட்டு. "அக்கா, நீங்க பேயாவே பொறந்தவங்க. வெளிச்சத்துல வந்தா கரைஞ்சு போயிருவீங்க போல" என்பாள். "போடி, பேய்க்கு யாரு சோறு வாங்கித் தர்றா?" என்பேன். "நான்தான்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நூடுல்ஸ் கடைக்குப் போவாள். என்னை அந்த ஆய்வகத்தில் யாரும் அதற்கு முன் கையைப் பிடித்து இழுத்ததில்லை. எல்லாரும் 'மோக் மேடம்' என்பார்கள், மூத்தவளாயிற்றே. அக்கா என்றது அவள் ஒருத்திதான்.

அந்தக் கடையில் வைத்துத்தான் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். முதலில் இடது கையிலிருந்து கிண்ணம் நழுவியதாம். எல்லாரும் சிரித்தார்களாம். பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பிறகு கால், பிறகு பேச்சு. நரம்பு நோய். மூச்சு நின்ற அன்றும் கண் மட்டும் இவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததாம்.

"எனக்கு வருமாக்கா அது?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் இடது கையை மேசைக்குக் கீழே விட்டிருந்தாள். எனக்குத் தெரியாதா, நான் உடம்பைப் பார்க்கிறவள். "பைத்தியமே, சாப்பிடு" என்றேன்.

இலையுதிர் காலத்தில் பாங்யோவிலிருந்து ஒரு நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டது. முதலில் என்னிடம்தான் சொன்னாள், கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் மகிழ்ச்சி என்று சொன்னேன். மறுநாள் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "போரா போயிட்டா நம்ம சுவர் வெறும் சுவர்தான், ஹேரான். அடுத்த வருஷம் இதை மூடிரலாம்னு பார்க்கிறேன். நீயும் வேற எடம் பார்த்துக்கயேன்" என்றார். வானிலை சொல்வது போலச் சொன்னார்.

எனக்குப் பயம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை. வேலை போவதைப் பற்றி இல்லை. அந்தக் கூடத்தில் சுவருக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன், முன்னால் யாரும் நிற்க மாட்டார்கள். அந்தக் காட்சி கண்ணுக்குள் வந்து நின்றது. வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். இறங்கவில்லை.

நான் செய்தது மிகச் சிறிய காரியம். ஒரு விரல்கடை. அவ்வளவுதான். சுவர் முன் நிற்பது யார் என்று கணினிக்குத் தெரியும். நிற்பது போரா என்றால், அவள் இடது கையின் நிழலை மட்டும் நிஜத்தைவிட ஒரு விரல்கடை தள்ளி வரையச் சொன்னேன். கொஞ்சம் தாமதமாகவும். கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை.

முதல் நாள் அவள் எதையும் கவனிக்கவில்லை. தொட நினைத்த படத்தைத் தொடாமல் பக்கத்துப் படத்தைத் தொட்டாள். "அடச்சே" என்றாள், மறுபடி தொட்டாள். சில நாள் போனதும் தோளில் வைத்த படங்கள் அவள் கைக்கு வரவில்லை. தட்டினாள், மறுபடி தட்டினாள். பிறகு கையை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தாள். நான் பின்னாலிருந்து கேமரா வழியாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தன் கையை அப்படிப் பார்த்து நான் அதுவரை பார்த்ததில்லை. அடுத்தவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அக்கா, கேமரா ஏதாவது நகந்திருச்சா?"

"நீதானே பொருத்தின? பாத்துக்க" என்றேன்.

பார்த்தாள். மறுநாள் பகல் முழுக்க ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு கேமராவாகச் சோதித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அவள் செய்த வேலையில் பிசகு இருக்காது. நான் கை வைத்தது அதற்கு அப்புறம், நிழலை வரையும் இடத்தில். அங்கே பேய்க்கு மட்டும்தான் வழி. எங்கள் ஆட்களையே பேய் ஏமாற்றுவது கிடையாது, அதனால் அவள் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. ஏணியிலிருந்து இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"கருவி சரியாத்தான் இருக்குக்கா."

அதற்கு மேல் சொல்லவில்லை. வேறு யாராக இருந்தாலும் 'என் கை சரியாகத்தான் இருக்கிறது, உன் சுவர்தான் ஓட்டை' என்று சண்டைக்கு வந்திருப்பார்கள். எங்களைப் போன்றவர்கள்தான், கருவியைத் தன் கையாலேயே சோதித்து முடித்ததும், மிச்சம் இருப்பது தன் உடம்பு மட்டுமே என்ற முடிவுக்கு வருவோம். இதை நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

அப்புறம் ஒரு விஷயம், இது உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். தள்ளி விழும் நிழலோடு தினமும் பழகினால் உடம்பு அதற்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். கை தானாகவே அந்த ஒரு விரல்கடையைச் சரிக்கட்டி நீளும். சுவரை விட்டு வெளியே வந்தபிறகும் கொஞ்ச நேரம் அந்தத் திருத்தம் உடம்பில் தங்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் எடுக்கப்போகும் கோப்பை கைக்குத் தப்பும், கதவுப் பிடி தப்பும். கலையத்தான் செய்யும், ஆனால் உடனே கலையாது. எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. போராவுக்கும் தெரியும். ஆனால் தன் நிழல் தள்ளி விழுகிறது என்பது தெரியாதே.

ஆய்வகத்தில் பார்லித் தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டாள். யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தரையில் ஓடும் தேநீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் துணி எடுத்துத் துடைத்தேன். அவள் காலடியிலும் துடைத்தேன்.

அன்றைக்கு அவள் என் வீட்டுக்கு வந்தாள். தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது என்றாள். எள்ளுக்கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். கரண்டியை வலது கையால் பிடித்தாள், இடது கையை மடியில் வைத்துக்கொண்டாள், நோயாளிப் பிள்ளையைப் போல. "அம்மாகிட்ட சொல்லாதீங்கக்கா. அப்பாவைப் பார்த்ததே அவங்களுக்குப் போதும்" என்றாள். சொல்லவில்லை. நான் வாக்கு மாற மாட்டேன்.

நீங்கள் இதை எழுதிக்கொள்ளும் விதத்தைப் பார்த்தால் நான் அவளுக்குக் கெடுதல் நினைத்தவள் போலத் தெரிகிறது. அப்படி இல்லை. அந்தக் குளிர்காலத்தில் அவளை என்னைப் போலக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர்கள் யாரும் இல்லை. ஷூ கயிறு கட்டிவிட்டேன். தலைமுடி பின்னிவிட்டேன். மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துப் போனேன், வரிசையில் நின்றேன், மருத்துவர் கேட்டதற்கெல்லாம் அவளைவிட ஒழுங்காகப் பதில் சொன்னேன். எந்த விரல் எப்போது தடுமாறியது என்று அவளுக்கே ஞாபகம் இல்லை, எனக்கு இருந்தது. பாங்யோ வேலையை அவளாகவே வேண்டாம் என்றுவிட்டாள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "இந்தக் கையை வச்சுக்கிட்டு எங்கக்கா போறது? உங்ககூடவே இருந்துர்றேன்" என்று என் தோளில் சாய்ந்தாள். என் வாழ்க்கையில் அந்த நாள்போல நான் நிம்மதியாக இருந்த நாள் இல்லை. உண்மையைத்தானே கேட்டீர்கள்.

வசந்தம் வருவதற்கு முன்னால் சியோல் நகரத்து நரம்பு மருத்துவர் ஒருவர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, ஒரு நோயும் இல்லை என்று சொல்லிவிட்டார். நரம்பு சுத்தம், தசை சுத்தம், அப்பாவுக்கு வந்தது இவளுக்கு இல்லை. எல்லாம் மனப்பயம், போய் நன்றாகத் தூங்கு என்றார். ரயிலில் திரும்பும் வழியெல்லாம் அழுதாள், சிரித்தாள், சோற்று உருண்டையை வாய் நிறைய அடைத்துக்கொண்டு பேசினாள்.

"நாளைக்கு வேலையை முடிச்சிட்டு நேரா பாறைச் சுவருக்குத்தான்க்கா. எவ்வளவு நாளாச்சு ஏறி! ஏறிப் பார்த்துட்டேன்னா பயம் போயிரும். அப்புறம் பாங்யோக்காரங்களுக்கு ஒரு போன். இன்னும் ஆள் எடுக்கலையாம், கேட்டு வச்சிருக்கேன்."

கேட்டு வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லாமல்.

"நல்லதுடி" என்றேன்.

மறுநாள் நடந்ததைத்தான் நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். சுற்ற வேண்டாம், சொல்கிறேன். சுவரில் கடைசியாக ஒரு படப்பதிவு இருக்கிறது, கொஞ்சம் அதிக நேரம் நின்று கொடு என்று கேட்டேன். எனக்காக நின்றாள். மத்தியானத்திலிருந்து சாயங்காலம்வரை நின்றாள், தண்ணீர் குடிக்க மட்டும் விட்டேன். ஒரு விரல்கடையாக இருந்ததை ஒரு கையகலம் ஆக்கினேன். ஒரேயடியாக இல்லை, ஒரேயடியாக மாறினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அவள் எட்ட எட்ட, நான் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். அவள் கையும் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் துரத்தியது. ஒரு தடவைகூட அவள் குறி தவறவில்லை. "பாருங்கக்கா, சரியாயிருச்சு! டாக்டர் சொன்னது கரெக்ட்டு" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். அவள் குறி தவறாததுதான் எனக்கு வேண்டியிருந்தது. கை அந்தத் தப்பை முழுசாகக் கற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

பாறைச் சுவர் இருக்கும் கூடம் எங்கள் தெருவைத் தாண்டினால் வந்துவிடும். நானும் கூடப் போனேன். வெளியே வந்த கை தெளிய அவகாசம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கடையில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டிருந்தால் போதும். அவள்கூடக் கேட்டாள், "சாப்பிட்டுட்டுப் போலாமாக்கா?" என்று. "ஏறிட்டு வந்து சாப்பிடு, வயிறு கனமா இருந்தா ஏற முடியாது" என்றேன். ஏறுகிறவர்கள் எல்லாரும் சொல்கிற புத்திமதிதான் அது.

ஏறும்போது ஓர் இடத்தில் கையைக் காலை விட்டு முழு உடம்பாகத் தாவி அடுத்த பிடியைப் பிடிக்க வேண்டும். தாவியபின் திருத்திக்கொள்ள நேரம் கிடையாது. அவள் அந்த இடத்தில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள், பல் தெரியச் சிரித்தாள், தாவினாள். இடது கை பிடியைத் தாண்டி வெறும் பலகையில் போய் அறைந்தது. அவள் கண்ணில் ஒரு திகில் வந்ததைப் பார்த்தேன். விழப்போகும் திகில் இல்லை அது, எனக்கு வித்தியாசம் தெரியும். 'அப்படியானால் நோய் உண்மைதான்' என்ற திகில். அதற்குள் விழுந்துவிட்டாள். மெத்தையின் விளிம்பில், கழுத்து முதலில்.

கையையோ காலையோ முறித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். சில மாதம் வீட்டில் இருப்பாள் என்று. கழுத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நியாயமாக இருக்க வேண்டும்.

மோக்போவிலிருந்து அவள் அம்மா வந்தார்கள். கால் இரண்டும் அசையாது, இடது கையில் உணர்ச்சி இல்லை, வலது கை பாதி என்று மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, நேரே வந்து என் கையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "நீ மட்டும் இல்லேன்னா என் பொண்ணு கதி என்னாயிருக்கும்மா" என்றார்கள். அழுதேன். நடிப்பு இல்லை.

மறுவாழ்வுப் பயிற்சிக்கு எங்கள் நிழலைப் பயன்படுத்தலாம் என்று பேராசிரியரிடம் யோசனை சொன்னது நான்தான். ஆய்வகத்தை மூடும் பேச்சு அதோடு நின்றது. மருத்துவமனையின் பயிற்சி அறையில் வெள்ளைச் சுவர் ஒன்று இருந்தது, அதில் நிழல் விழுமாறு சின்னதாக ஏற்பாடு செய்தோம். நல்ல யோசனைதான், வெளிநாடுகளிலும் செய்கிறார்கள். நோயாளியின் கை கடுகளவு அசைந்தால், நிழலில் அதைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். நிழல் கை ஓங்கி உயர்வதைப் பார்த்ததும் மனசுக்குத் தெம்பு வரும், தெம்பு வந்தால் கை இன்னும் கொஞ்சம் அசையும். போராவின் கழுத்தில் பட்டை போட்டிருந்தார்கள். குனிந்து தன் கையைப் பார்க்க அவளால் முடியாது. கையில் உணர்ச்சியும் இல்லை. தன் கை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அந்தச் சுவர் ஒன்றுதான் வழி. தினமும் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினேன். பயிற்சியாளருக்கு வேறு நோயாளிகள் நிறைய.

அவள் கை அசைய ஆரம்பித்தது, சீக்கிரமாகவே. மணிக்கட்டு லேசாக எழும்பும், விழும். ஏறிப் பழகின உடம்பு அல்லவா. பயிற்சியாளர்கூட ஒரு நாள், "இடது கை கொஞ்சம் அசையுதோ?" என்று என்னைக் கேட்டார். "நிச்சயமாகிற வரைக்கும் சொல்ல வேண்டாம் சார், பொய் நம்பிக்கை குடுத்தா தாங்க மாட்டா" என்றேன். பெருந்தன்மையான பெண் என்பது போல என்னைப் பார்த்தார்.

நிழலை நான் பெரிதாக்கவில்லை. அசையவே விடவில்லை.

"அக்கா, தூக்குறேன். தெரியுதா?"

"இல்லடா. பரவால்ல, நாளைக்குப் பார்ப்போம்."

"இப்ப? இப்பத் தூக்குறேனே..."

"இல்லடா கண்ணு."

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அசையாத அந்த நிழல் கையைப் பார்க்கப் பார்க்க அவள் மூச்சு வேகமாகும். அவள் அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொன்னாளே, அது எனக்கு நினைவு வரும். நான் அவள் நெற்றியைத் துடைத்துவிடுவேன். பயப்படும்போது அவள் என் பக்கம்தான் கண்ணைத் திருப்புவாள். வேறு யார் பக்கமும் இல்லை.

எவ்வளவு நாள் இப்படியே வைத்திருக்க நினைத்தாய் என்று காலையில் கேட்டீர்கள். அதை நான் யோசிக்கவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

பயிற்சி அறையில் எப்போதும் திரை மூடித்தான் இருக்கும். வெயில் வந்தால் சுவரில் படம் வெளிறிவிடும், கேமராவும் குழம்பும். போன வாரம் சாயங்காலம் நான் கணினியில் குனிந்திருந்த நேரம், போராவின் அம்மா உள்ளே வந்தார்கள். "ஏம்மா, பகல்லயே இப்படி இருட்டடிச்சு உக்காந்திருக்கீங்க? வெளியில செர்ரி பூத்துக் கொட்டுது, பிள்ளை பார்க்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே சன்னல் திரையை ஒரே இழுப்பாக இழுத்துத் திறந்துவிட்டார்கள்.

சாயங்கால வெயில் போராவின் முதுகுப் பக்கமிருந்து வந்தது. சக்கர நாற்காலியின் நிழலும் அவள் நிழலும் நீளமாகச் சுவரில் விழுந்தன. நான் வரைந்த நிழல் வெளிறிப்போய் ஒரு பக்கம் இருந்தது, பக்கத்திலேயே இன்னொன்று, கருகருவென்று. அவள் அப்போதும் கையைத் தூக்க முயன்றுகொண்டுதான் இருந்தாள். என் நிழலில் கை நாற்காலியின் கைப்பிடியிலேயே கிடந்தது. வெயிலின் நிழலில் கை எழும்பியது. நடுங்கி நடுங்கி, ஆனால் எழும்பியது. விழுந்தது. மறுபடி எழும்பியது.

அம்மா, "ஐயோ, என் தங்கமே" என்று சத்தம் போட்டு அழுதார்கள். அவர்களுக்கு அது மட்டும்தான் தெரிந்தது, கை அசைகிறது என்பது. போரா அழவில்லை. ஒரு நிழலைப் பார்த்தாள். இன்னொரு நிழலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வேலையில் எவ்வளவு கெட்டிக்காரி என்று சொன்னேனே. கேமராக்கள், ஏணி, தேநீர், பாறைச் சுவர், எல்லாவற்றையும் அவள் ஒவ்வொன்றாகத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வருவது அவள் முகத்தில் தெரிந்தது. அந்த அறையில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

"அக்கா" என்றாள். குரல் எழும்பவில்லை, பயத்தில் பல் தட்டியது. "இதுல எது என்னோடது?"

அவள் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நோயைப் பார்த்து அவள் எப்படிப் பயந்தாளோ, அதே பயத்தோடு என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஆய்வகத்தில் நாங்கள் புதியவர்களுக்குச் சட்டம் சொல்லித்தருகிற அதே குரலில் சொன்னாள்.

"பேய் வெளியில வரணும்க்கா."

வந்துவிட்டேன். அதற்காகத்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நிழலைத் தள்ளியது நான், தாவப்போகும் கைக்குத் தப்பைக் கற்றுக்கொடுத்தது நான், எழும்பிய கையை எழும்பவில்லை என்று சொன்னதும் நான். எல்லாவற்றுக்கும் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், அவள் உடம்பில் வலிக்கும்படி நான் ஒரு தடவைகூட விரல் வைத்ததில்லை. தொட்டதெல்லாம் துடைத்துவிடவும் ஊட்டிவிடவும்தான்.

அவள் என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னதாகக் காலையில் சொன்னீர்கள். பயத்தில் அப்படிச் சொல்வாள், எனக்குத் தெரியும், பயம் வந்தால் அவள் என்னிடம்தான் வருவாள். மணி ஆகிவிட்டது, கஞ்சி ஆறிப்போயிருக்கும். மருத்துவமனைக்கு ஒரு போன் செய்து, அந்த அறையின் திரையை மூடி வைக்கச் சொல்லுங்கள். அவ்வளவு வெளிச்சம் போராவுக்கு ஆகாது.